டியூக்கைவிட ஒரு படி மேலே

இங்கிலாந்தின் பிளென்ஹைம் அரண்மனையில் ஒரு குடும்பப் படம் தொங்குகிறது. 1905-இல் ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்தது. பத்தடிக்கும் மேல் உயரம். ஒன்பதாவது மார்ல்பரோ டியூக் (இங்கிலாந்துப் பிரபுப் பட்டங்களில் உச்சியில் இருப்பது டியூக்), அவர் மனைவி கான்சுவெலோ, இரண்டு பையன்கள், கூடவே நாய்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது என் கண் முதலில் போனது முகங்களுக்கு இல்லை, படிக்கட்டுக்கு. கான்சுவெலோ கணவரைவிட உயரமானவர். அதை மறைக்க சார்ஜென்ட் அவரைக் குனியவும் வைக்கவில்லை, உட்காரவும் வைக்கவில்லை. கணவருக்கு மேலே ஒரு படியில் நிற்க வைத்துவிட்டார். உயரமாகத் தெரிந்தால் பழி படிக்கட்டுக்கு!

இந்தப் படத்தைப் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் “என்ன ஒரு ராஜ களை” என்றுதான் எழுதுகிறார்கள். களை உண்மைதான். ஆனால் எனக்கு இது ஒரு ரசீதாகத்தான் தெரிகிறது. தொகை மட்டும் தெரியாதபடி அழகாக மடித்து வைத்த ரசீது.

தொகையைச் சொல்லிவிடுகிறேன். கான்சுவெலோ, நியூயார்க் ரயில்வே கோடீஸ்வரர் வாண்டர்பில்ட் வீட்டுப் பெண். கொள்ளுத்தாத்தா கொர்னேலியஸ், ஸ்டேட்டன் தீவிலிருந்து மன்ஹாட்டனுக்குப் படகில் ஆள் ஏற்றிப் பிழைப்பைத் தொடங்கியவர். 1895 நவம்பர் 6-ஆம் தேதி நியூயார்க்கில் கல்யாணம். பெண்ணுக்குப் பதினெட்டு வயது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன சீர், பீச் கிரீக் ரயில்வே கம்பெனியின் 50,000 பங்குகள். மதிப்பு 25 லட்சம் டாலர். ஆண்டுக்கு 4 சதவீத ஈவுத்தொகைக்கு நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் உத்தரவாதம் வேறு. டியூக் உயிரோடு இருக்கும்வரை அந்த வருமானம் அவருக்கே. நகையும் இல்லை, நிலமும் இல்லை, பங்குப் பத்திரம். வரதட்சணையை இவ்வளவு கச்சிதமாக எழுதி வாங்கிய சம்பந்தி வீட்டாரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

டியூக் வீட்டுக்கு ஏன் இந்த நிலை? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இங்கிலாந்துப் பிரபுக்களின் செல்வம் நிலக் குத்தகையில் இருந்தது. 1870-களில் தொடங்கி அமெரிக்க உட்பகுதியின் கோதுமை ரயிலேறித் துறைமுகம் வந்து, நீராவிக் கப்பலில் லிவர்பூலுக்குப் போய் மலிவாக இறங்கியது. இருபது வருடத்தில் அங்கே கோதுமை விலை பாதிக்கும் கீழே விழுந்தது. குத்தகை படுத்தது. அரண்மனைக் கூரைகள் ஒழுகின. அந்தக் கோதுமையைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்த ரயில்களில் நியூயார்க் சென்ட்ரலும் ஒன்று. அதாவது மாமனார் வீட்டு ரயில் முதலில் மாப்பிள்ளை வீட்டு வயலைச் சாய்த்தது, அப்புறம் அதே ரயிலின் பணம் வந்து கூரையை ஒட்டுப்போட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனால் இதைச் சொல்லாமல், பிரபுக்களை மணந்த அமெரிக்கப் பணக்காரப் பெண்களை “டாலர் இளவரசிகள்” என்று கிண்டல் மட்டும் செய்வது பாதிக் கதை.

பிளென்ஹைம் ஏற்கெனவே வீட்டுச் சாமான்களை விற்றுச் சாப்பிட்ட வீடு. நூலகம் ஏலம் போனது. 1885-இல் எட்டாவது டியூக், ரஃபேலின் மடோனா ஓவியத்தை லண்டன் நேஷனல் கேலரிக்கு 70,000 பவுண்டுக்கு விற்றார். குதிரைமேல் முதலாம் சார்லஸ் அமர்ந்திருக்கும் வான் டைக்கின் பெரிய ஓவியமும் அப்போதே 17,500 பவுண்டுக்குப் போனது. இருபது வருடம் கழித்து சார்ஜென்ட் வருகிறார். கான்சுவெலோவுக்கு அவர் தேர்ந்தெடுத்த உடை, வான் டைக் படத்தில் உள்ளது போன்ற கறுப்பு உடை, அகலக் கைகளுக்குள் ரோஜா நிறப் பட்டு. வான் டைக்கை விற்றுவிட்டு, மருமகளுக்கு வான் டைக் வேஷம்! எதிரே தொங்குவது 1770-களில் ரெய்னால்ட்ஸ் வரைந்த நான்காவது டியூக்கின் குடும்பப் படம். அதற்கு ஜோடியாக வேண்டும் என்றுதான் இதையே வரையச் சொன்னார்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளியும் விற்றுத் தீர்த்த கணக்கும் தெரியாமல், இரண்டு படங்களும் ஒரே வம்சமாகப் பார்த்துக்கொள்கின்றன. வரைந்த சார்ஜென்டும் அமெரிக்கர்தான், பிறந்தது மட்டும் ஃபிளாரன்ஸில்.

பெண் வீட்டாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கான்சுவெலோவின் அம்மா ஆல்வா, பெண்ணுக்குப் பதினேழு வயதிலேயே பாரிஸில் கரோலுஸ் துரானை வைத்துப் படம் வரைய வைத்தார். துரான் வழக்கமாக முகத்துக்குப் பின்னால் சிவப்புத் திரை போடுவார். ஆல்வா வேண்டாம் என்றுவிட்டார். ஆங்கில ஓவியர்கள் பாணியில் மரமும் வானமும் வேண்டுமாம், பழைய டச்சஸ்களின் (டியூக் மனைவிகளின்) படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினால் ஒட்ட வேண்டுமே. மாப்பிள்ளை முடிவாகும் முன்பே சுவர் முடிவாகிவிட்டது. பெண்ணோ வேறொருவரை விரும்பினார். அறை வாசலில் காவல், அம்மாவுக்கு மாரடைப்பு என்று மிரட்டல், கல்யாணத்தன்று காலை முழுக்க அழுகை. இதெல்லாம் கான்சுவெலோ தானே பின்னாளில் எழுதியவை. புகுந்த வீட்டில் டியூக்கின் பாட்டி சொன்ன முதல் புத்திமதியும் அதில் உண்டு: சீக்கிரம் ஆண் குழந்தை பெற்றுக்கொள், இல்லாவிட்டால் அந்த வின்ஸ்டன் டியூக் ஆகிவிடுவான். அந்த வின்ஸ்டன், டியூக்கின் சித்தப்பா மகன் சர்ச்சில்தான். அவர் அம்மா ஜென்னி ஜெரோமும் புரூக்ளினில் பிறந்த பணக்கார வீட்டுப் பெண்தான் என்பது பாட்டிக்குத் தெரியாதா என்ன!

இந்தியாவைத் தொட்டுப்போகிற படமும் ஒன்று உண்டு. சிகாகோ வணிகர் லெவி லைட்டரின் மகள் மேரி, கர்சனை மணந்து 1899-இல் வைஸ்ராய் மனைவியாகக் கல்கத்தா வந்தார். பெங்களூரில் பவ்ரிங் மருத்துவமனையின் பெயரோடு ஒட்டியிருக்கும் லேடி கர்சன் இவர்தான். 1903 டெல்லி தர்பார் நடன விருந்தில் அவர் அணிந்த மயில் உடை இன்றும் இங்கிலாந்தில், கர்சன் குடும்பத்தின் கெடில்ஸ்டன் மாளிகையில் இருக்கிறது. தங்க, வெள்ளிச் சரிகையில் மயிலிறகுகளாக டெல்லியில் வேலைப்பாடு செய்து, பாரிஸில் வொர்த் கடையில் தைத்தார்கள். ஒவ்வொரு இறகின் கண்ணிலும் ஒரு பச்சைப் பொன்வண்டுச் சிறகு. நாலரைக் கிலோவுக்குக் குறையாத எடை. அந்த உடையில் அவர் நிற்கும் வில்லியம் லாக்ஸ்டெயிலின் ஓவியத்தில் மெலிந்த, நிமிர்ந்த ஓர் உருவம். தேதியைப் பாருங்கள்: 1909. மேரி 1906-லேயே, முப்பத்தாறு வயதில் இறந்துவிட்டார். ஆள் போன பிறகும் உடை நின்று போஸ் கொடுத்திருக்கிறது. இறகு இறகாகச் சரிகை தைத்த கைகள் படத்தில் எங்கும் இல்லை.

1907-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: வெளிநாட்டவரை மணக்கும் பெண்ணுக்கு அமெரிக்கக் குடியுரிமை போய்விடும். ஆணுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பணம் போகிறதே என்று பத்திரிகைகள் புலம்பிய நாட்டில், தண்டனை மட்டும் பெண்களுக்கு.

சரி, பிளென்ஹைமுக்குத் திரும்புவோம். சார்ஜென்ட் படம் வரைந்த அடுத்த வருடமே கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். 1921-இல் விவாகரத்து. டியூக் உடனே கிளாடிஸ் டீக்கனை மணந்தார், அவரும் அமெரிக்கப் பெண்தான். பின்னர் டியூக்குக்குக் கத்தோலிக்கராக மாற ஆசை, பழைய கல்யாணம் செல்லாது என்று திருச்சபை சொல்ல வேண்டும். ஆல்வாவே சாட்சி சொன்னார்: நான்தான் கட்டாயப்படுத்தினேன் என்று. 1926-இல் ரோம் அந்தத் திருமணத்தை ரத்து செய்தது. திருச்சபைச் சட்டம் பேசினால், அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை.

படத்தை மட்டும் யாரும் கழற்றவில்லை. சிவப்பு வரவேற்பறையில், ரெய்னால்ட்ஸுக்கு எதிரே, நடக்காத கல்யாணத்தின் இரண்டு பையன்களோடும் நாய்களோடும், கான்சுவெலோ இன்னும் ஒரு படி மேலேதான் நின்றுகொண்டிருக்கிறார்.