"கழற்றி வைக்கிறோம்" என்றால் நம்பாதீர்கள்

பழைய இரும்புக் கட்டடம் ஒன்றை இடிக்க நாள் குறித்துவிட்டால் முதலில் வரும் சமாதானம் இதுதான்: "இடிக்கவில்லை, கழற்றி வேறிடத்தில் நிறுத்தப் போகிறோம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பாகம் பாகமாக வார்த்து, போல்ட் போட்டு முடுக்கிய கட்டடம்தானே? ஆனால் கழற்றும்போது இருக்கும் அவசரம் மறுபடி பூட்டும்போது யாருக்கும் இருப்பதில்லை.

நியூயார்க்கில் ஜேம்ஸ் போகார்டஸ் 1849இல் எழுப்பிய லேங் கட்டடம், வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடங்களுக்கு முன்னோடி. 1971இல் அதைப் பக்குவமாகக் கழற்றிக் காலி மனை ஒன்றில் அடுக்கினார்கள். 1974இல் திருடர்கள் அதில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நகைத் திருட்டு கேள்விப்பட்டிருப்போம். இங்கே கட்டடமே களவு போயிற்று! பாரிஸில் கட்டடக் கலைஞர் பால்டார் வடிவமைத்த லே ஆல் என்ற சந்தையின் இரும்பு மண்டபங்களையும் அதே 1971இல்தான் இடிக்கத் தொடங்கினார்கள். இன்று முழுதாக எழுந்து நிற்பது, நகருக்கு வெளியே நோஜானுக்குக் கொண்டுபோன ஒன்று மட்டும்.

அடுத்த வாதம் துரு. வயதானால் இரும்பு இற்றுவிடும் என்கிறார்கள். உண்மையில் அதை அரிப்பது தேங்கிய நீர். அந்தக் காலத்து வார்ப்பிரும்புத் தூண்கள் பலவற்றின் உள்ளே வெற்றிடம். கூரையின் மழைநீர் அதன் வழியாகவே இறங்கும். சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் தூணுக்குள்ளேயே நிற்கும். வெளியே பளபளவென்று பெயின்ட், உள்ளே அரிப்பு. இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் துரு ஏறினால் இன்னும் மோசம்: துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், தகடுகளைப் பிதுக்கி, அவற்றைப் பிணைக்கும் ரிவெட் ஆணியின் தலையையே தெறிக்கவிடும். இதற்கெல்லாம் வைத்தியம் அடைப்பெடுப்பதும் பெயின்ட் அடிப்பதும்தான். இருபது ஆண்டு அனுமதியோடு 1889இல் திறந்த ஈஃபில் கோபுரம் இன்றும் நிற்பது சுமார் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அடிக்கும் பெயின்ட்டால்; ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 60 டன்.

வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் நொறுங்கும் என்பது மெய்தான். அதனால் எல்லாப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றச் சொல்லவில்லை. பழைய இரும்புக் கட்டடத்தை இடிக்காமல் பயன்படுத்தலாம் என்றுதான் சொல்கிறேன். லண்டன் செயின்ட் பேன்கிராஸ் நிலையத்தின் 1868ஆம் ஆண்டுக் கூரை, 1960களில் இடிபடவிருந்தது. தூணே இல்லாமல் 73 மீட்டர் அகலத்தை வளைத்து நிற்கும் அந்தக் கூரையின் கீழ் 2007 முதல் சர்வதேச ரயில்கள் வந்து போகின்றன.

கழற்றியே தீர வேண்டுமென்றால், திரும்ப நிறுத்தும் இடத்தையும் தேதியையும் முதலில் எழுதிக் கொடுங்கள். அதற்கான பணத்தை வங்கியில் கட்டுங்கள். அதன் பிறகு ஸ்பேனரைத் தொடலாம்.