கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்கிறோம்

"ஐ.நா. என்று ஒன்று எதற்கு? இழுத்து மூடினால் அந்தப் பணமாவது மிஞ்சும்." போர்ச் செய்தி எது வந்தாலும் யாராவது இப்படி எழுதிவிடுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது பாதுகாப்புச் சபையில் ஒரே ஒரு கை உயர்ந்து தீர்மானத்தை வீழ்த்துவதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் மூடிவிடலாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மேற்கையைப் பாருங்கள். அம்மை குத்திய தழும்பு இருக்கும். பிள்ளைகளின் கையில் அது இருக்காது, அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறக்குறைய 30 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்படும் பெரியம்மை இன்று பூமியில் யாருக்கும் இல்லை.

அது தானாகப் போய்விடவில்லை. பெரியம்மையை ஒழிக்க வேண்டும் என்ற யோசனையை 1958இல் ஐ.நா.வின் ஓர் அங்கமான உலக சுகாதார அமைப்பில் முன்வைத்தது சோவியத் ஒன்றியம். 1967இல் தீவிரமாகத் தொடங்கிய திட்டத்துக்குத் தலைமை ஏற்ற டி.ஏ. ஹெண்டர்சன் ஓர் அமெரிக்கர். அணுகுண்டுகளை ஒருவர்மேல் ஒருவர் குறிவைத்திருந்த இரு நாடுகள் இந்த ஒரு வேலையில் சேர்ந்து உழைத்தன. அவர்கள் உட்கார்ந்து பேச ஒரு பொது மேசை இருந்ததால்தான் அது முடிந்தது.

களத்தில் அவர்களுக்கு உதவியது ஒரு சிறிய ஊசி. அதன் நுனி கவைபோல இரண்டாகப் பிளந்திருக்கும். மருந்தில் தோய்த்து எடுத்தால் இரு முனைகளுக்கும் நடுவில் ஒரு சொட்டு தங்கி நிற்கும். அதைத் தோலில் 15 முறை சடசடவென்று குத்தினால் போதும். கிராமத்துத் தன்னார்வலருக்குச் சில நிமிடங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். கொதிக்கவைத்து மறுபடி பயன்படுத்தலாம். எங்காவது ஒருவருக்கு நோய் கண்டால், அவரைச் சுற்றியிருப்பவர்களைத் தேடிப் பிடித்துக் குத்தினார்கள்.

இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி அலி மாவ் மாலின். சோமாலியாவின் மெர்கா நகரில் மருத்துவமனைச் சமையல்காரர். 1977 அக்டோபரில், நோய் கண்ட இரண்டு குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்ட ஏறிக்கொண்டார். சில நிமிடப் பயணம்தான், தொற்றிக்கொண்டது. வலிக்கும் என்று பயந்து அவர் ஊசியைத் தவிர்த்திருந்தார். அவருடன் பழகியவர்களை ஒருவர் விடாமல் தேடினார்கள். இரண்டே வாரத்தில் 50,000க்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார்கள். மாலின் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவில்லை. பின்னாளில் அவர் போலியோ ஒழிப்பில் சேர்ந்து, ஊசிக்குத் தான் பயந்த கதையைச் சொல்லியே பெற்றோரை இணங்கவைத்தார். 2013இல் போலியோ மீண்டும் தலைகாட்டியபோது, அந்த வேலையில் இருக்கும்போதே காய்ச்சல் கண்டு இறந்தார். இந்த மனிதரை நினைக்காமல் என்னால் இந்தப் பேச்சுக்குள் போக முடிவதில்லை.

ஓசோன் கதை பலருக்கும் தெரியும். அன்டார்டிகாவின் மேலே, சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலம் மெலிந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்டார்கள். அந்தப் படலத்தை அரிக்கும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்த, ஐ.நா. முன்னின்று 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. அது வெறும் நல்லெண்ண அறிக்கையாக நின்றுவிடவில்லை. சேராத நாடுகளுடன் அந்த ரசாயனங்களை வணிகம் செய்யக்கூடாது என்று எழுதினார்கள். ஏழை நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசமும், பின்னர் மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு நிதியும் தந்தார்கள். சட்டத்துக்குப் பல்லும், இல்லாதவனுக்குக் கையும் கொடுத்தார்கள். அதனால்தான் உலகின் எல்லா நாடுகளும் அதில் இருக்கின்றன.

கொரோனாவில் இந்த இரண்டும் இல்லை. உலக சுகாதார அமைப்பால் எந்த நாட்டுக்குள்ளும் அந்த நாட்டின் அனுமதியின்றி நுழைந்து விசாரிக்க முடியாது. அந்த அதிகாரத்தை நாடுகள் அதற்குத் தரவே இல்லை. தராமல் வைத்துக்கொண்டு, "ஏன் முன்கூட்டியே கண்டுபிடிக்கவில்லை?" என்று அதையே கேட்டார்கள்.

பணமும் அப்படித்தான். அந்த அமைப்பின் வரவுசெலவில் நாடுகளின் கட்டாயச் சந்தா ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்துவந்தது. மற்றதில் பெரும்பகுதி, இன்ன நோய்க்கு, இன்ன இடத்துக்கு என்று கட்டளையோடு வரும் நன்கொடை. சந்தாவை அடிப்படை வரவுசெலவில் பாதியளவு வரை படிப்படியாக உயர்த்த 2022இல் முடிவெடுத்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா விலகப்போவதாக அறிவித்தது.

இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா தன் ஆய்வகங்கள் கண்ட கொரோனாவின் புதிய திரிபை உலக சுகாதார அமைப்பிடம் சொன்னது. இரண்டு நாளில் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வந்தது. உடனே பல நாடுகள் தென்னாப்பிரிக்க விமானங்களுக்குத் தடை போட்டன. தென்னாப்பிரிக்கா விதிப்படி நடந்தது, திறமையாக நடந்தது, அடியும் வாங்கியது. அடுத்த முறை இன்னொரு நாடு வாயைத் திறக்க ஏன் முன்வர வேண்டும்?

2007இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் மாதிரிகளைத் தர மறுத்ததும் இதே மனக்காயத்தால்தான். கிருமியை நாங்கள் கொடுக்கிறோம், தடுப்பூசியைப் பணக்கார நாடுகள் வாங்கிக்கொள்கின்றன, எங்களுக்கு என்ன மிச்சம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு இன்ஃப்ளுயென்சா என்ற ஃப்ளூ காய்ச்சல் அளவிலாவது ஓர் ஏற்பாடு வர 2011 ஆனது.

பாதுகாப்புச் சபையைப் பற்றி என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. 51 நாடுகள் இருந்தபோது ஐந்து நாடுகளுக்குத் தரப்பட்ட வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தனியாளாக வீழ்த்தும் உரிமை, 193 நாடுகள் ஆனபிறகும் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற வேண்டும். ஆனால் அந்த அறையின் முடக்கத்தைக் காட்டி, தடுப்பூசி போடுகிறவர்களையும் அகதி முகாமில் அரிசி அளக்கிறவர்களையும் சேர்த்து விரட்டச் சொல்வது கொடுமை.

2025 மே 20 அன்று, உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றது. ஊரடங்கு போடவோ, யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்தவோ அமைப்புக்கு அதிகாரம் இல்லை என்று அதிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எதிர்த்து வதந்தி பரப்புகிறவர்கள் அந்தப் பத்தியைப் படிக்கட்டும். கிருமி மாதிரியைப் பகிரும் ஏற்பாட்டில் சேரும் நிறுவனங்கள், பெருந்தொற்றுக் காலத்தில் தாங்கள் தயாரிப்பதில் 20 விழுக்காட்டை உலக சுகாதார அமைப்புக்கு ஒதுக்க வேண்டும், அதில் பாதியாவது இலவசம் என்பதே அதன் உயிர்நாடி. அதை எப்படிச் செயல்படுத்துவது என்ற பின்னிணைப்பைத் தனியே பேச ஒத்திவைத்தார்கள். அது ஏற்கப்பட்டால்தான் ஒப்பந்தத்தில் நாடுகள் கையெழுத்திடவே முடியும். அந்த மேசையில் நம் சார்பாக உட்காருகிறவர் இந்த 20 விழுக்காட்டைப் பற்றி என்ன பேசினார் என்று நம் மக்கள் பிரதிநிதிகளிடம் நாம் கேட்க வேண்டும். நான் கடிதம் எழுதப் போகிறேன். நீங்களும் எழுதுங்கள்.