நோம்பி வந்தால் இலையில் உட்காருங்க, டயட் ஓடிப் போயிடாது

"டயட்ல இருக்கிறேன், இந்தத் தடவை நோம்பிக்கு ஊருக்கு வரலைங்க" என்று சொல்கிறவர்கள் இப்போது ரொம்ப அதிகமாகிவிட்டார்கள் (நோம்பி என்றால் கொங்குப் பக்கத்தில் திருவிழா, பண்டிகை). எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. போங்க. நெய் ஊற்றின ஒப்பிட்டு (போளி) இரண்டு, கெடா விருந்து என்றால் நல்லியை உறிஞ்சிக் கறி, மனசு கேட்டால் இன்னொரு கரண்டி குழம்பு என்று நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. தினமும் உடம்புக்குத் தேவையானதில் 500 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறவர், ஆறு நாளில் 3,000 குறைத்திருப்பார். ஏழாவது நாள் விருந்தில் தேவைக்கு மேல் 1,000 உள்ளே போனாலும் 2,000 அவர் பக்கம்தான் நிற்கிறது. வேகம் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் மறுநாள் காலையில் மெஷினில் ஏறி நின்று ஒன்றரை கிலோ கூடிவிட்டது என்று பதறுகிறார்கள் பாருங்க, அங்கேதான் எல்லாம் கெடுகிறது. சோறும் வெல்லமும் உடம்பில் கிளைகோஜனாக, அதாவது சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குழம்பில் இருந்த உப்பு வேறு தன் பங்குக்குத் தண்ணீரை நிறுத்தும், தின்றது முழுக்க இன்னும் குடலை விட்டு வெளியேறியிருக்காது. கூடினதில் கொழுப்பு கொஞ்சம்தான். ஒன்றரை கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேல் 11,000 கலோரிக்கு மேலே தின்றிருக்க வேண்டும், அது நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியிலேயே நடக்காத காரியம். இரண்டு மூன்று நாள் வழக்கம்போல் சாப்பிட்டால் தண்ணீர் தானே இறங்கிவிடும். அதற்குள் "எல்லாம் போச்சு, இனி அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று கைவிடுகிறவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

உண்மையில் எடை ஏறுகிற இடம் பேக்கரி. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் எந்த முக்கில் நின்றாலும் ஒரு பேக்கரி கண்ணில் படும். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு டீ, கூடவே ஒரு பப்ஸோ தேங்காய் பன்னோ. நின்றுகொண்டே தின்பதால் யாரும் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. சர்க்கரை போட்ட டீயும் சேர்த்தால் சுமார் 300 கலோரி வரும், வாரத்தில் ஆறு நாளைக்கு 1,800, அதாவது மேலே சொன்ன விருந்தில் தேவைக்கு மேல் போன 1,000-ஐவிட அதிகம். நேற்றுத் தின்ற பப்ஸின் ருசி யாருக்காவது இன்றைக்கு நினைவிருக்கிறதா?

அப்புறம் இந்த ஞாயிற்றுக்கிழமை சீட் டே (cheat day), அதாவது டயட்டுக்கு லீவு விட்டு இஷ்டத்துக்குத் தின்கிற நாள். மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் ரோட்டுக்கடைக் காளான், ராத்திரி பரோட்டா, மேலே ஒரு ஐஸ்கிரீம். ஆறு நாள் பல்லைக் கடித்துக் குறைத்ததை ஒரே நாளில் திருப்பிக் கட்டுகிற வேலை, அதுவும் வருசத்துக்கு 52 தடவை. இதற்குத் தனியாக நாள் குறிக்க வேண்டிய அவசியமே இல்லைங்க. பொங்கல், மாரியம்மன் நோம்பி, ஆடி 18, தீபாவளி, நடுவில் முகூர்த்தங்கள் என்று காலண்டரே வேண்டிய அளவு குறித்து வைத்திருக்கிறது. (சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம், டாக்டரைக் கேளுங்க. தொடங்கினால் நிறுத்தவே முடியாமல் தின்கிறவர்களுக்கும் இது பொருந்தாது, அது வேறு பிரச்சினை.)

பந்தியில் "ஏங்கண்ணு இப்படி எளச்சுப் போயிட்டே" என்று அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) இன்னொரு ஒப்பிட்டு வைத்தால் அதையும் சாப்பிடலாம், தப்பில்லை. கிளம்பும்போது தூக்குப்போசியில் ஊற்றித் தருகிற கறிக்குழம்பும் டப்பா நிறையக் கச்சாயமும்தான் ஆபத்து. ஒரு நாள் விருந்தை அதுதான் நாலு நாளைக்கு இழுக்கும். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள், அதனால் வாங்கிக்கொண்டு, வந்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்க. என்ன, அவர்கள் போசியை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். அதற்கு என்னிடம் வழி இல்லை.