தலைமை நீதிபதி பதவிக்கு வயது கணக்கில்லை

உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் வயதில் மூத்தவரே இந்தியத் தலைமை நீதிபதி ஆவார் என்று சிலர் எழுதுகிறார்கள். 'மூத்த நீதிபதி' என்று செய்திகளில் படிக்கும்போது அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அங்கே மூப்பு என்பது வயதைக் குறிப்பதில்லை. உச்ச நீதிமன்றத்தில் யார் முதலில் பதவியேற்றார் என்பதுதான் கணக்கு.

2022 நவம்பரில் டி.ஒய். சந்திரசூட் தலைமை நீதிபதி ஆனதைப் பாருங்கள். அவர் பிறந்தது 1959 நவம்பரில். அதே அமர்வுகளில் இருந்த எஸ். அப்துல் நசீர் 1958 ஜனவரியில் பிறந்தவர், ஏறக்குறைய இரண்டு வயது மூத்தவர். ஆனால் சந்திரசூட் 2016 மே மாதமே உச்ச நீதிமன்றத்துக்கு வந்துவிட்டார், நசீர் வந்தது 2017 பிப்ரவரியில். அதனால் மூப்புப் பட்டியலில் சந்திரசூட்தான் முன்னால் இருந்தார்.

சரி, வயதுக்கு வேலையே இல்லையா? ஓய்வு பெறுவதில் இருக்கிறது: அரசியலமைப்பின் 124-ஆம் பிரிவுப்படி 65 வயதில் பதவிக்காலம் முடியும். ஆனால் மூப்பு வரிசை சட்டத்தில் எழுதப்பட்டதல்ல, மரபுதான். 1973-இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் நியமிக்கப்பட்டபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது அந்த மரபு மீறப்பட்டதால்தான்.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். உச்ச நீதிமன்ற இணையதளத்தில் நீதிபதிகளின் பெயர்கள் மூப்பு வரிசையில் இருக்கும். ஒவ்வொருவரின் குறிப்பிலும் உள்ள பிறந்த தேதியையும் பதவியேற்ற தேதியையும் அந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.