அல்ஜீப்ரா முடிக்காமல் புள்ளியியலுக்குப் போனால் தோல்விதானா?

நுழைவுக் கணிதத் தேர்வில் தவறியவர்களை நேரே கல்லூரிப் புள்ளியியலில் சேர்த்தால் இன்னும் அதிகம் பேர் தோற்பார்கள், முதலில் அடிப்படை அல்ஜீப்ரா (இயற்கணிதம்) படித்தாக வேண்டும் என்று ஒரு கருத்து இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் சோதித்துப் பார்த்தபோது நடந்தது வேறு.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் (இரண்டாண்டுப் படிப்புக் கல்லூரிகள்) 2013-இல், அடிப்படை அல்ஜீப்ரா தேவை என்று முடிவான 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரித்தார்கள். அல்ஜீப்ரா மட்டும் தரப்பட்ட பிரிவில் அதில் தேறியவர்கள் 39.3 சதவீதம். வாராந்தரத் துணைப் பயிற்சியோடு நேரே புள்ளியியலுக்குப் போன பிரிவில் அதில் தேறியவர்கள் 55.7 சதவீதம். குலுக்கல் என்பதால் கெட்டிக்காரர்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. பயிற்சிதான் காரணமோ என்றால், அல்ஜீப்ராவோடு பயிற்சியும் பெற்ற பிரிவில்கூட சுமார் 45தான்.

சரி, துணைப் பயிற்சியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. உயர் அல்ஜீப்ரா தேவைப்படும் பொறியியல் மாதிரிப் படிப்புகளுக்கும் இதை நீட்டக் கூடாது.

சரிபார்க்க விரும்புபவர்கள் 'எஜுகேஷனல் இவாலுவேஷன் அண்ட் பாலிசி அனாலிசிஸ்' இதழில் 2016-இல் வந்த கட்டுரையைத் தேடலாம். சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும். 907 பேர், குலுக்கல், 16 சதவீதப் புள்ளி வித்தியாசம் மூன்றும் அதிலேயே இருக்கின்றன.