கூட்டம் எங்கே நடக்கிறது என்று எழுதி ஒட்டினால் என்ன?

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குன்னூரில் ஒரு சர்ச் காம்பவுண்டை இரண்டு தடவை சுற்றி வந்தேன். மூன்றாவது தடவை வாட்ச்மேன் "யாரைப் பார்க்கணும்?" என்றார். வாயில் வார்த்தை வரவில்லை. பாத்ரூம் எங்கே என்று கேட்டுவிட்டு, வெளியே வந்து கடைசி பஸ் பிடித்து வீடு போய்விட்டேன். நான் தேடிப் போன ஏ.ஏ. கூட்டம் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் இடம்) அதே நேரத்தில் பின்பக்கத்து அறையில் நடந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரிய இன்னும் ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் குடித்தேன்.

யாரிடம் கேட்பது? தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் ஒருவரிடம் கேட்டால் மறுநாள் கொழுந்து எடை போடும் இடத்தில் அதுதான் பேச்சாக இருக்கும். ஒயின்ஷாப் வரிசையில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன், அப்போது யார் பார்ப்பார்களோ என்று தோன்றியதே இல்லை. நிறுத்தப் போகிறேன் என்றதும் வெட்கம் வந்துவிட்டது. இதில் "குளிர் ஊர்ல குடிக்காம முடியுமா?" என்று சமாதானம் வேறு. குடித்தால் தோலுக்கு ரத்தம் ஓடி கதகதப்பாகத் தெரியும், உள்ளே உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும். பனியில் விழுந்து கிடப்பவனுக்கு அதைவிட ஆபத்து கிடையாது.

கடைசியில் வழி சொன்னது ஒரு நர்ஸ். கை நடுக்கத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் இடம், கிழமை, நேரம் மூன்றையும் எழுதி, "அண்ணா, முன்கேட் பூட்டியிருக்கும், பின்வாசல் வழியா போங்க" என்றார். அந்தச் சீட்டு இன்னும் பர்ஸில் இருக்கிறது, மடிப்பில் கிழிந்துபோய்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். தினமும் குடித்தவர்கள் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதைத் தாண்டியும் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம். கூட்டத்தில் ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது.

அங்கே இருந்தது எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, பால் இல்லாத டீ, ஒரு பொட்டலம் வர்க்கி. ஒருவர் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தார். என்ன வேலை, எந்த ஊர், என்ன ஆளு என்று ஒருவரும் கேட்கவில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி வேண்டாம். கடைசியில் ஒரு டப்பா சுற்றி வந்தது. இஷ்டப்பட்டால் போடலாம். வெளியாட்கள் லட்ச ரூபாய் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

இவ்வளவு நல்ல இடத்தை ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. கேட்டால் 'பெயர் வெளியே வரக் கூடாது, அதுதான் மரபு' என்கிறார்கள். மரபு எனக்கும் தெரியும். பத்திரிகை, ரேடியோ, சினிமாவில் ஆள் யார் என்று தெரியக் கூடாது என்கிறது. (இந்த ஐ.டி.யில் என் முகம் இல்லாததும் அதனால்தான்.) அறைக்கு வழி சொல்லக் கூடாது என்று எங்கே இருக்கிறது?

இந்த இயக்கம் பிறந்ததே சுவரில் இருந்த ஒரு பட்டியலால். 1935 மே மாதம், நியூயார்க்கிலிருந்து ஆக்ரன் நகரத்துக்கு வியாபார விஷயமாகப் போன பில் என்ற குடிநோயாளி, காரியம் கெட்டு ஓட்டல் லாபியில் நிற்கிறார். ஒரு பக்கம் மது பார். இன்னொரு பக்கம் போன், அங்கே ஊரில் உள்ள தேவாலயங்களின் பட்டியல். அதைப் பார்த்து போன் செய்து, கை மாறிக் கை மாறி, டாக்டர் பாப் என்ற இன்னொரு குடிகாரரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த லாபியில் பட்டியல் இல்லையென்றால் பாருக்குத்தான் போயிருப்பார். நான் போனேனே.

நீலகிரியில் 2022 மே மாதத்திலிருந்து காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய். காட்டில் கிடக்கும் கண்ணாடி யானை காலில் ஏறக் கூடாது என்று கோர்ட் தலையிட்டு வந்த நல்ல ஏற்பாடு. நானும் பத்து பாட்டில் சேர்த்து நூறு ரூபாய் வாங்கி அதே கவுண்டரில் கொடுத்தவன்தான். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தால் ஒரு நாளாவது கண்ணில் பட்டிருக்கும். பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டும். அரசின் 14446 இலவச எண்ணையும் கீழே சேர்க்கலாம்.

நேரமும் ஒரு பிரச்சினை. ஆறரைக்கு ஆரம்பித்தால் மேல் ஊர்க்காரன் எப்படித் திரும்புவான்? கடைசி பஸ்ஸை விட்டால் காட்டெருமையோடுதான் நடக்க வேண்டும். சண்டை போட்டு நாலு மணிக்கு மாற்ற வைத்தேன், மூன்று பேர் புதிதாக வந்தார்கள்.

தாள் விஷயம் போன வாரம்தான் முடிவானது. எங்கள் குழுவின் பெரியவருக்கு அரை மனசுதான். "முதலாளி பார்த்தா என்னப்பா செய்யறது?" என்றார். பெயர் எதுவும் போட மாட்டோம் மாமா என்றேன். வீட்டில் உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, மழையில் கரையாமல் இருக்க மேலே செல்லோடேப் ஒட்டிக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அப்புறம் பேனாவை வாங்கி, கடைசியில் அவரே ஒரு வரி சேர்த்தார்: "பின்வாசல் வழியாக வரவும்."