சானிடைசருக்கு அசையாத கிருமி

அப்பாவை நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. நாளைக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள். அன்று ராத்திரியே வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. விடிவதற்குள் எட்டு முறை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். மலப் பரிசோதனை முடிவு வந்தபோதுதான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டேன்: குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். டாக்டர்கள் வாயில் 'சி டிஃப்'.

கட்டில் காலடியில் தொங்கிய சானிடைசரை நான் அரை மணிக்கொரு தரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்த நர்ஸ் ஒருவர், "சார், இதுக்கு அது வேலைக்கு ஆகாது. சோப்பு போட்டுத் தண்ணியில கழுவுங்க" என்றார். உண்மைதான். இந்தக் கிருமி உடம்பைவிட்டு வெளியே வந்தால் ஸ்போராக மாறி ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும். கட்டில் கம்பி, கழிப்பறைக் கைப்பிடி, பெட்பான் என்று எதிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆல்கஹால் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. சோப்பும்கூட அதைக் கொல்வதில்லை, தேய்த்துக் கழுவி விடுகிறது, அவ்வளவுதான். தரையையும் கட்டிலையும் குளோரின் கலந்த கரைசலில் துடைக்க வேண்டும்.

எனக்கு ஆத்திரம். எவரோ கை கழுவாததால்தான் அப்பாவுக்கு வந்தது என்று வார்டில் எல்லோரையும் முறைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு உட்கார்ந்து படித்தபோது, நான் முறைத்தது பாதித் தவறான ஆட்களை என்று புரிந்தது.

இந்த ஸ்போர் நம் வயிற்றுக்குள் போனாலே நோய் வந்துவிடாது. குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதைத் தலைதூக்க விடுவதில்லை. அந்தக் குடித்தனத்தைக் காலி செய்வது நாம் வேறு நோய்க்குச் சாப்பிடும் ஆன்டிபயாடிக். கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின், ஃப்ளூரோகுயினோலோன் வகைகள் இதில் பேர் போனவை. மருந்து மற்றதையெல்லாம் துடைத்துவிடுகிறது, அந்த மருந்துக்கு மசியாத சி டிஃப் மட்டும் காலி வீட்டில் பெருகி நச்சைக் கக்குகிறது. 'மருந்து எதிர்ப்பு' என்றதும், இந்த நோய்க்குத் தரும் மருந்தே வேலை செய்யாமல் போவதைத்தான் நான் நினைத்திருந்தேன். இங்கே கதை வேறு. நிமோனியாவுக்குத் தந்த மருந்தே இதற்கு வழி திறந்துவிட்டது.

2000-களின் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக்கிலும் இங்கிலாந்திலும் ஆஸ்பத்திரிகளை உலுக்கிய 027 என்ற சி டிஃப் வகை, ஃப்ளூரோகுயினோலோனை எதிர்க்கும் வகைதான். பிறகு இங்கிலாந்தில் 2006-க்குப் பின் நோய் சுமார் 80 சதவீதம் குறைந்தது. ஏன் என்று மரபணுவை வைத்துத் துருவிய ஆய்வு 2017-ல் வந்தது. அந்த மருந்தை எதிர்க்கும் வகைகள் மட்டும் சரிந்திருந்தன, எதிர்க்காத வகைகள் அப்படிச் சரியவில்லை. கை கழுவியதும் தரை துடைத்ததும் மட்டுமே காரணமென்றால் இரண்டும் சேர்ந்தல்லவா குறைந்திருக்கும்? அந்த மாத்திரையை எழுதுவதைக் குறைத்ததுதான் பெரிய வேலையைச் செய்திருக்கிறது.

சுத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கழிப்பறை துடைக்கும் அம்மாவுக்குக் கையுறையும் சரியான கரைசலும் போதிய நேரமும் கொடுக்காத நிர்வாகம், வாசலில் சானிடைசர் ஸ்டாண்ட் வைத்துப் படம் எடுப்பது எனக்கு எரிச்சல்தான். ஆனால் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எழுதப்படும் ஆன்டிபயாடிக்தான் பெரிய குற்றவாளி. அதை எழுதச் சொல்லி டாக்டரை நச்சரிக்கும் நாமும் உடந்தை. நானும் நச்சரித்திருக்கிறேன்.

அப்பாவுக்கு முதலில் செய்த சிகிச்சை, ஓடிக்கொண்டிருந்த ஆன்டிபயாடிக்கை நிறுத்தியது. பிறகு வான்கோமைசின், வாய்வழியாக. குடலிலிருந்து ரத்தத்துக்குள் அதிகம் போகாமல் அங்கேயே தங்கி வேலை செய்யுமாம். குணமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப வரும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு, ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல பாக்டீரியாக்களை எடுத்துக் குடலில் குடியேற்றும் சிகிச்சை இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "அதுக்கு நான் போய்ச் சேர்ந்துடறேன்" என்றார். (2013-ல் வந்த ஒரு சோதனையில் 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் குணமாகியிருக்கிறது. முகம் சுளிக்க ஒன்றுமில்லை அப்பா.)

போன மாதம் அவருக்குச் சளி. டாக்டர் சீட்டில் எழுத ஆரம்பித்ததும் பழைய ரிப்போர்ட்டை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "ரெண்டு நாள் பார்ப்போம்" என்றார்.